நாற்பத்தொன்றாவது பெயர்

ஜூன் 10, திங்கள்

வக்கீலம்மா சொல்லித்தான் இந்த நோட்டு. "இன்னையிலேருந்து தினமும் எழுதி வைங்க. கடன் கேட்டு யாரு வந்தா, என்ன பேசுனாங்க, வீட்டுக்கு என்ன வரவு, என்ன செலவு. ஜட்ஜ் கேட்டா காட்டலாம்" என்றார். புது நோட்டு வாங்கினால் அதையும் செலவில் எழுத வேண்டும். அதனால் மகள் இனியாவின் போன வருடக் கணக்கு நோட்டைத் திருப்பிப் போட்டு எழுதுகிறேன். முன்பக்கத்தில் டீச்சர் நிறையச் சிவப்பு மை செலவழித்திருக்கிறார்.

என் பேர் மலர்க்கொடி. ஜாக்கெட் தைக்கிறேன். வீட்டுக்காரர் அடைக்கலம், லோடு ஆட்டோவில் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தார். புயலில் பாதித் தோப்பு விழுந்தது, அதோடு பாதி லோடும் போனது. தவணை மட்டும் முழுசாக நின்றது. சித்திரையில் ஃபைனான்ஸ்காரர்கள் வண்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வண்டி போன பிறகும் கடன் பாக்கி இருக்கிறதாம். அது எப்படி என்று இவர் இன்றுவரை யோசிக்கிறார். இப்போது மண்டியில் தேங்காய் உரிக்கப் போகிறார்.

எல்லாம் சேர்த்து ஆறு லட்சத்து நாற்பதாயிரம். பட்டுக்கோட்டை கோர்ட்டில் 'இலவச சட்ட உதவி' என்று போர்டு பார்த்து உள்ளே நுழைந்தோம். வக்கீலம்மா பேர் ஷகிலா பானு. பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடனைக் கட்ட வழியில்லை என்று நொடிப்பு மனு போடலாம் என்றார். கோர்ட்டு நடுவில் நின்று கடன் கொடுத்தவர்களைத் தடுத்து நிறுத்துமாம். முடிந்ததைக் கட்டிவிட்டு மீதியைத் தள்ளுபடி கேட்கலாமாம். ஊரில் இதற்கு மஞ்ச நோட்டீஸ் என்று பேர். 'மஞ்ச நோட்டீஸ் குடுத்துட்டு ஓடிட்டான்' என்றுதான் சொல்வார்கள். நாங்கள் ஓடவில்லை. ஓடுவதற்கும் பஸ் காசு வேண்டுமே.

கோர்ட்டு எனக்குப் பயமில்லை. ஊரில் ஒரு விசேஷம் என்றால் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் எங்கள் வாசலைத் தாண்டிப் போய்விடுவார்களோ, அதுதான் பயம். அதிலும் இந்த ஆடியில் என் அண்ணன் நீலமேகம் வீட்டில் மொய் விருந்து. அண்ணன் இதை எப்படி எடுத்துக்கொள்வாரோ தெரியவில்லை.

வரவு: இரண்டு ஜாக்கெட், 240. செலவு: பஸ் 72, டீ 24. டீ வேண்டாம் என்றேன், இவர் கேட்கவில்லை.

ஜூன் 13, வியாழன்

புருசன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மனு போட முடியாதாம். ஆளுக்கு ஒன்று. வண்டிக் கடனில் நானும் கையெழுத்துப் போட்டிருப்பதால் ஃபைனான்ஸ் இரண்டிலும் வரும். "தனித்தனியா உக்காந்து எழுதிட்டு வாங்க. ஒருத்தரக்கூட விடக் கூடாது. ஒரு கடன மறைச்சாக்கூட மனு நிக்காது" என்று வக்கீலம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இவர் கட்டிலில் உட்கார்ந்து எழுதினார். நான் மிஷின்மேல் தாளை வைத்து எழுதினேன். பிறகு மாற்றிப் படித்தோம். இவர் தாளில் மண்டி முதலாளியிடம் வாங்கிய பதினைந்தாயிரம் இருந்தது. எனக்குத் தெரியாது.

"இது எதுக்குங்க?"

"உன் குழுத் தவணைக்குத்தான். பழைய வண்டி வாடகை பாக்கி வந்துச்சுன்னு குடுத்தனே, அது."

என் தாளில் மகளிர் குழுவில் இரண்டாம் தடவை வாங்கிய இருபதாயிரம் இருந்தது. அது இவருக்குத் தெரியாது.

"இது எதுக்கு புள்ள?"

"உங்க வண்டித் தவணைக்கு. யூனிபார்ம் ஆர்டர் காசுன்னு குடுத்தேன்ல."

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அப்புறம் இவர் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. இனியா ஓடி வந்து என்ன என்ன என்று பிடுங்கினாள். "ஒன்னுமில்லத்தா, அப்பாவும் அம்மாவும் கணக்குல பெயிலு" என்றார்.

ஜூன் 14, வெள்ளி

லிஸ்டு முடிந்தது என்று இவர் பேனாவை மூடினார். நான் பீரோவுக்கு மேலிருந்த மொய் நோட்டை இறக்கி முன்னால் வைத்தேன்.

ஜட்ஜ் அய்யா வேறு ஊர்க்காரராக இருக்கலாம் என்பதால் விளக்கமாக எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் மொய் என்பது கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துபோகிற சமாச்சாரம் இல்லை. நம் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் ஐநூறு செய்தால், அவர் வீட்டு விசேஷத்தில் அந்த ஐநூறைத் திருப்பிச் செய்ய வேண்டும். அது பழசு. அதற்கு மேலே நம்மால் ஆனதைப் புதுசாகப் போட வேண்டும். அந்தப் புதுசை அவர் பின்னால் நமக்குச் செய்வார். கல்யாணம் காதுகுத்து எதுவும் இல்லாதவர்கள் ஆடியில் கறிச்சோறு போட்டு மொய் விருந்து வைப்பார்கள். திருப்பிச் செய்யாதவர்களை யாரும் வைய மாட்டார்கள். கூப்பிடாமல் விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இனியாவுக்குக் காது குத்தினோம். எண்பத்தாறு பேர் மொய் செய்திருந்தார்கள்.

"இதாங்க நெசமான கடன்" என்றேன். "ஃபைனான்ஸ்காரன விட்டாலும் இத விடக் கூடாது."

இவர் தலையைச் சொறிந்தார். "மொய்யப் போயி கோர்ட்டுலயா?"

"ஒருத்தரக்கூட விடக் கூடாதுன்னு அவங்கதான சொன்னாங்க?"

"அதுஞ் சரிதான்" என்றார். இவரும் நானும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவது வருடத்துக்கு ஒரு தடவை நடக்கும். இந்த வருடத்துக்கு இது.

எண்பத்தாறு பேரையும் என் மனுவில் வரிசைப்படி எழுதினேன். முட்டைக்கடை தனபாக்கியம் அக்கா 501. சைக்கிள் கடை முருகையன் 201. அண்ணன் நீலமேகம் இரண்டாயிரம், நாற்பத்தொன்றாவது பேர். தாய்மாமன் சீரெல்லாம் தனி, அது திருப்பிச் செய்கிற கணக்கில் வராது. அன்றைக்கு அண்ணன்தான் பந்தலுக்கும் பந்திக்கும் ஓடிக்கொண்டிருந்தார். மொய் எழுத நடுவில்தான் வந்து உட்கார்ந்தார்.

ஜூன் 18, செவ்வாய்

வக்கீலம்மாவின் குமாஸ்தா டைப் அடித்து அடித்து விரலை உதறிக்கொண்டார். "எண்பத்தாறு பேரா! ஏம்மா, ஒரு ஊரே கடன் குடுத்திருக்கு?"

"எங்க ஊரு அப்படித்தான் சார்" என்றார் இவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

வக்கீலம்மா வேறு கோர்ட்டிலிருந்து மூச்சு வாங்க வந்தார். முதல் பக்கத்தில் ஃபைனான்ஸ், குழு எல்லாம் சரிபார்த்தார். மீதிப் பக்கங்களைப் புரட்டி, "இதெல்லாம் கைமாத்தா?" என்று கேட்டார்.

"கைமாத்து மாதிரிதான் மேடம்."

கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி ஓடினார்.

ஜூன் 25, செவ்வாய்

மழை. மண்டி இல்லை, ஜாக்கெட் இல்லை. வரவு, செலவு இரண்டும் சமம்.

ஜூலை 2, செவ்வாய்

குழு வசூல் சார் வந்து வாசலில் நின்று சத்தம் போட்டார். தெருவே கேட்டது. நான் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "சார், கடைசியாச் சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க, விட்டுப்போச்சு" என்றேன்.

"என்னம்மா எழுதுறீங்க?"

"நீங்க பேசுறதத்தான். கோர்ட்டுல காட்டணுமாம்."

அவர் குரல் இறங்கிவிட்டது. தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். "நான் மரியாதையாத்தான் பேசினேன்னு எழுதிக்குங்க" என்றார். எழுதிவிட்டேன். தண்ணீர் கேட்டபோது மரியாதையாகத்தான் பேசினார்.

ஜூலை 9, செவ்வாய்

கோர்ட்டு நோட்டீஸ் வந்துவிட்டது. எங்களுக்கு இல்லை, ஊருக்கு.

தபால்காரர் ஸ்டீபன் ஒரு நாளில் இத்தனை ரிஜிஸ்தர் தபால் இந்த ஊருக்குக் கொண்டுவந்ததே இல்லையாம். வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிப் பேனா தீர்ந்துபோனது. சைக்கிள் கடை முருகையன் கோர்ட்டு முத்திரையைக் கண்டதும் பின்வாசல் வழியாகத் தங்கச்சி ஊருக்குப் போய்விட்டார். பழைய வேலித் தகராறு என்று நினைத்தாராம். வாத்தியார் வீட்டில் மூன்று தடவை படித்துவிட்டு, மகளுக்கு வேலை வந்திருக்கிறது என்று சர்க்கரை கொடுத்திருக்கிறார்கள்.

பத்து மணிக்குத் தனபாக்கியம் அக்கா வந்தது. "ஐநூத்தியோரு ரூவாய்க்கு என்னைய கோர்ட்டுல ஏத்திட்டியேடி. நான் எப்ப ஒன்ட்ட கேட்டேன்? கேட்டனா?"

"கேக்கலக்கா."

"அப்பறம் என்னத்துக்கு எழுதுன?"

"நீங்க கேக்கலன்னா குடுக்க வேணாமா?" என்றேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மறந்துபோய்த் தண்ணீர்ச் செம்பையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

ஜூலை 10, புதன்

வக்கீலம்மா போன் செய்தார். "மொய்யா?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் ஆமாம் என்றேன்.

"மொய் கடன் கிடையாதும்மா. அது அன்பளிப்பு."

"அப்ப திருப்பிச் செய்ய வேணாம்னு சட்டம் சொல்லுதா மேடம்?"

"எங்கம்மா வீட்டுலயும் ஒரு நோட்டு இருக்கு" என்றார் மெதுவாக. பிறகு வக்கீல் குரலுக்கு வந்துவிட்டார். சத்தியம் செய்து கொடுத்த லிஸ்டு, நாமாக இப்போது அடிக்க முடியாது. இருபத்தாறாம் தேதி விசாரணையில் ஜட்ஜிடம் சொல்ல வேண்டும். அவர் கோபப்பட்டால் மனுவே தள்ளுபடி ஆகலாம். அப்படி ஆனால் மறுநாளே குழுவும் ஃபைனான்ஸும் மறுபடி வாசலில் நிற்கும்.

இவரிடம் சொன்னேன். "அப்ப தண்ணிக் கொடம் ரெண்டு சேத்து வையி, சத்தம் போட வர்றவங்களுக்கு வேணும்ல" என்றார். சோறு மட்டும் பாதிதான் சாப்பிட்டார்.

ஜூலை 11, வியாழன்

அண்ணன் வந்தார். உள்ளே வரவில்லை. நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

"நாப்பத்தி ஒன்னு" என்றார்.

மொய் லிஸ்டில் தன் வரிசை நம்பரைச் சொல்கிறார் என்று புரிந்தது.

"ஃபைனான்ஸு, குழு, முட்டைக்கடை, சைக்கிள் கடைக்காரன், அப்பறம் நானு. நான் ஒனக்குக் கடன் குடுத்தவனா மலரு?"

"ஒருத்தரையும் விடக் கூடாதுன்னாங்கண்ணே."

"சரி. நீயே எழுதிட்ட. கடன் குடுத்தவனாவே இருந்துட்டுப் போறேன்."

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். இவர் பின்னாலேயே தெருமுனை வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தார்.

எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. சாயங்காலம் வீட்டிலுள்ள பாத்திரம் எல்லாவற்றையும் துலக்கினேன். துலக்கியதையும் ஒரு தடவை துலக்கினேன்.

ஜூலை 19, வெள்ளி

ஆடி பிறந்து மூன்று நாள். அண்ணன் மொய் விருந்துப் பத்திரிகை வைக்க ஆரம்பித்துவிட்டார். ஆகஸ்ட் பதினொன்று, ஞாயிறு. தனபாக்கியம் அக்கா காட்டியது. நல்ல மஞ்சள் கலரில் அடித்திருக்கிறார்.

அண்ணனைப் பற்றி நான் இன்று நினைக்கவே இல்லை. அவர் வண்டி எங்கள் தெருவில் நான்கு தடவை போனது. ஒவ்வொரு தடவையும் எங்கள் வாசலுக்கு நேராக வேகம் குறைந்தது. வேகத்தடைக்காக இருக்கும் என்றேன். எங்கள் தெருவில் வேகத்தடை கிடையாது என்றார் இவர்.

ஜூலை 26, வெள்ளி

விசாரணை.

காலை ஏழரை பஸ்ஸுக்கு நாங்கள் இரண்டு பேரும் போய் நின்றால், ஸ்டாப்பில் ஊரே நிற்கிறது. நோட்டீஸில் ஆஜராக வேண்டும் என்று எழுதியிருக்கிறதாம், வராவிட்டால் போலீஸ் வருமாம். வாத்தியார்தான் அப்படிப் படித்துச் சொன்னார். பெண்கள் எல்லாரும் பட்டு கட்டியிருந்தார்கள். தனபாக்கியம் அக்கா ஒரு தூக்குவாளி நிறையப் புளியோதரை கொண்டுவந்திருந்தது. முருகையன்கூட வந்துவிட்டார். கண்டக்டர் இவரிடம், "யாருக்குங்க கல்யாணம்?" என்று கேட்டார். "எங்களுக்குத்தான்" என்றார் இவர். எனக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் வந்துவிட்டது.

அண்ணன் தன் வண்டியில் தனியாக வந்து, வராந்தாவில் தூரமாக நின்றார்.

பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். பேர் வாசித்து முடிக்கவே வெகு நேரமானது. உள்ளே இடமில்லாமல் ஜன்னலில் தொங்கினார்கள். ஜட்ஜ் அய்யா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இவ்வளவு பேரும் கடன் கொடுத்தவர்களா?" என்றார். வக்கீலம்மா எழுந்து, கட்சிக்காரர் தெரியாமல் மொய்யைச் சேர்த்துவிட்டார், மன்னிக்க வேண்டும் என்று நடந்ததைச் சொன்னார். ஃபைனான்ஸ் வக்கீல் எழுந்து, கோர்ட்டின் நேரத்தை வீணடிக்கிறார்கள், மனுவையே தள்ளுபடி செய்ய வேண்டும் என்றார். இவர் என் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். இத்தனை பேருக்கு முன்னால்.

ஜட்ஜ் என்னைக் கேட்டார். "மொய்யை ஏம்மா கடன் என்று எழுதினீர்கள்?"

"அய்யா, ஃபைனான்ஸ்காரருக்குக் கட்டலன்னா வண்டியத் தூக்குவாங்க. இவங்களுக்குச் செய்யலன்னா உறவுலேருந்தே எங்களத் தூக்கிருவாங்க. எது பெரிய கடன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். கூட்டத்தைப் பார்த்து, "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டார்.

"எனக்கு இருக்கு" என்றது தனபாக்கியம் அக்கா. "அய்யா, இந்தக் கடன நீங்க தள்ளுபடி பண்ணிட்டா இவ எனக்குத் திருப்பிச் செய்ய வேணாம். சரிதானுங்களே?"

"சரி."

"அப்ப இவ என் வீட்டுக்கு வர வேணாம். நான் இவ வீட்டுக்குப் போவ வேணாம். அம்புட்டோட அத்துப்போச்சு. அதுக்கா நான் மொய் செஞ்சேன்? என் பேர அடிச்சிருங்க. அவகிட்ட நான் எப்ப வாங்கணுமோ அப்ப வாங்கிக்கிறேன். பத்து வருசமானாலும் அவ எனக்குச் செய்யணும்."

"பேரை அடித்தால் கோர்ட்டு மூலமாக உங்களுக்கு ஒன்றும் வராதே."

"கோர்ட்டு மூலமா யாருங்கய்யா கேட்டா?"

அப்புறம் ஆளாளுக்கு "என் பேரையும்", "என் பேரையும்" என்று ஆரம்பித்தார்கள். முருகையன் ஜன்னலுக்கு வெளியிலிருந்து கையைத் தூக்கினார். ஜட்ஜ் மேஜையைத் தட்டி, மொத்தமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றார். அவர் வாயைக் கைக்குட்டையால் மூடியிருந்தார். இருமல் இல்லை, எனக்குத் தெரியும்.

எண்பத்தைந்து கையெழுத்து. குமாஸ்தா இரண்டு தடவை எண்ணிவிட்டு, "ஒன்னு கொறையுதே" என்றார்.

"என் பேரு இருக்கட்டும்" என்றார் அண்ணன், வாசலில் நின்றபடி. "என் தங்கச்சி எழுதுனது. நான் அடிக்கச் சொல்ல மாட்டேன்."

இரண்டு மனுவும் நின்றன. அடுத்த உத்தரவு வரை யாரும் வீட்டுக்கு வந்து வசூல் கேட்கக் கூடாது என்று தடை கொடுத்துவிட்டார். வக்கீலம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வேப்பமரத்தடியில் எல்லாருக்கும் புளியோதரை. நன்றாக இருந்ததாம். நான் சாப்பிடவில்லை, பசியில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

ஒரு வாரமாக ஒருவரும் வாசலில் சத்தம் போடவில்லை. இவர் ராத்திரி குறட்டை விடுகிறார். நான்கு மாதமாக இந்தச் சத்தம் இல்லாமல் இருந்தது.

அண்ணன் மனைவி சரோசா மதினி, தனபாக்கியம் அக்காவிடம் மூன்று ஜாக்கெட் துணியும் கூலிப் பணமும் கொடுத்தனுப்பியிருந்தது. சொல்லி ஒன்றும் அனுப்பவில்லை. அளவு ஜாக்கெட்டும் வைக்கவில்லை. மதினி அளவு எனக்கு மனப்பாடம்.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஆடியில் எங்கள் பக்கம் தையல் வேலைக்குக் குறைவில்லை. மொய் விருந்துக்குப் பழைய ஜாக்கெட்டில் யாரும் போக மாட்டார்கள். இந்த வாரம் மட்டும் பதினாறு ஜாக்கெட்.

பத்திரிகை வரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. வாசலைக் கூட்டும்போது கேட்டுக்கு அடியில் பார்த்தேன், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காலையில் எழுந்து தலைக்குக் குளித்து, இருந்ததில் நல்ல புடவையைக் கட்டினேன். இவர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பத்திரிகை இல்லாம எப்படிப் புள்ள போறது?"

"விருந்தாளிக்குத்தான் பத்திரிகை வேணும். நான் கடன் வாங்குனவ. கடனத் திருப்பிக் குடுக்கப் போறவளுக்குப் பத்திரிகை எதுக்கு? அண்ணன்தான கோர்ட்டுல அவ்வளவு பேருக்கு முன்னாடி சொன்னாரு, என் பேரு இருக்கட்டும்னு?"

இவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சட்டையைத் தேடினார்.

கோர்ட்டு முடிக்கும்வரை லிஸ்டில் இருக்கிறவர்களுக்குத் தனியாகப் பணம் கொடுக்கக் கூடாது என்று வக்கீலம்மா சொல்லியிருக்கிறார். அதனால் இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். மனசு வரவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன்.

பந்தலில் கறிக்குழம்பு வாசம், ஏழெட்டு இடத்தில் மொய் எழுதுகிறார்கள். நேராகப் போய் ஒரு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தேன். மொய் எழுதுகிறவர் பேர், ஊர் கேட்டார். சொன்னேன். பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. வேட்டி ஓரத்தைப் பார்த்தே அண்ணன் என்று தெரியும், நிமிரவில்லை.

"பழசு எவ்வளவு?"

"ரெண்டாயிரம்."

எண்ணி வைத்தேன். அவர் எழுதிக்கொண்டார்.

"புதுசு?"

"ஐநூறு."

"புதுசெல்லாம் வேணாம்" என்றார் அண்ணன். "கோர்ட்டுல நிக்கிற வீடு. ஏன்யா வாங்குற?"

எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது. புதுசு இல்லாமல் பழசை மட்டும் வாங்கிக்கொண்டால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கணக்கு முடிந்தது, இனி நீ யாரோ நான் யாரோ.

நான் ஐநூறு ரூபாயை எடுக்கவில்லை. "நாப்பத்தி ஒன்னாவதா எழுதுனது தப்புண்ணே" என்றேன். "ஒன்ன எழுதியிருக்கவே கூடாது. ஆனா இன்னைக்கு நீ இத வாங்கலன்னா, நீ என்னைய லிஸ்டுலயே இல்லாமப் பண்ணுற."

குரல் சரியாகத்தான் இருந்தது. கண்ணில்தான் அடுப்புப் புகை.

அண்ணன் குனிந்து, காற்றில் பறக்கப் போன ஐநூறு ரூபாய்த் தாளை விரலால் அமுக்கிப் பிடித்தார்.

"எழுதுய்யா" என்றார்.

எழுதினார். புதுசு ஐநூறு. அடுத்து எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அண்ணன் வந்து இதைச் செய்தாக வேண்டும். நோட்டில் ஏறிவிட்டது.

பந்தியில் அண்ணனே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் இலையில் நல்ல கறியாகப் பார்த்து நான்கு துண்டு வைத்தார். இவர் இலைக்கு வந்ததும், முகத்தைக் கொஞ்சம் கடுகடுப்பாகவே வைத்துக்கொண்டு, "மாப்ள, நீங்க அடுத்து எப்ப விசேஷம் வைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"கோர்ட்டுல கேட்டுச் சொல்றேன் மச்சான்" என்றார் இவர்.

அண்ணன் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.